எழும்ப மறுக்கும் சேவையகம்

"கம்பியூட்டர் வேலை செய்யுதில்லை" என்பது எங்கள் கல்லூரியின் கணினி அறையில் அடிக்கடி கேட்கின்ற வாக்கியம். வைத்தியரிடம் போய் "உடம்புக்குச் சரியில்லை" என்று சொல்வதைப் போன்றதே இதுவும். காய்ச்சலா, வயிற்றுவலியா, எத்தனை நாளாக என்று கேட்காமல் எந்த வைத்தியரும் மருந்து எழுதுவதில்லை. கணினிக்கு மட்டும் நாங்கள் கேள்வியே கேட்காமல் மருந்து எழுதி விடுகிறோம். "பவர் சப்ளை போயிருக்கும்", "போட் எரிஞ்சிருக்கும்" என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறோம். அந்தத் தீர்ப்புக்குப் பணம் கட்டுவது யார் என்று யோசிப்பதில்லை.

இக்கட்டுரையில் ஒரேயொரு நோயைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். சேவையகம் ஒன்றின் பொத்தானை அழுத்துகிறோம், அது எழும்பவில்லை. அப்போது எந்த ஒழுங்கில் கேள்வி கேட்க வேண்டும்?

சேவையகம் என்பது நாங்கள் 'சேர்வர்' என்று பேச்சில் சொல்வதுதான். ஓர் அறையில் இருபது கணினிகள் இருந்தால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான கோப்புகளை வைத்திருப்பதும், கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதும் அதன் வேலை. ஒரு மாணவியின் கணினி பழுதடைந்தால் ஒரு மாணவிக்குத்தான் கஷ்டம். சேவையகம் படுத்து விட்டால் முழு அறையும் படுத்து விடும்.

முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை என்றால் அது வேறு நோய். அங்கே மின்சாரம் வந்துவிட்டது. இயங்குதளமோ நினைவகமோ வன்தட்டோ தடையாக நிற்கிறது. விசிறியும் இல்லை, சத்தமும் இல்லை என்றால், அல்லது விசிறி ஒரு கணம் அசைந்து நின்று விட்டால், அதுவே நாம் பேசப்போகும் நோய்.

மின்சாரம் நடந்து வரும் பாதை

நோயைத் தேடுவதற்கு முன் உடம்பின் அமைப்பைத் தெரிந்து கொள்ள வேண்டும். எங்கள் நாட்டில் சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். அது மின்பலகையிலுள்ள பிரேக்கரையும் ட்ரிப் சுவிட்சையும் தாண்டிச் சுவரிலுள்ள குதைக்கு வருகிறது. மூன்று தட்டை முள் கொண்ட 13 அம்பியர் பிளக்காக இருந்தால் அதன் வயிற்றுக்குள் ஒரு சிறிய உருகி இருக்கும். அதையும் கடந்து யு.பி.எஸ்.ஸுக்குள் போகிறது. அங்கிருந்து ஒரு வயர் வழியாகச் சேவையகத்தின் பின்புறமுள்ள மின்வழங்கல் அலகை, அதாவது எல்லோரும் சொல்கின்ற பவர் சப்ளையை, அடைகிறது.

பவர் சப்ளையின் வேலை ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றுவதாகும். வழமையான ஏ.டி.எக்ஸ். வகைப் பவர் சப்ளை 12 வோல்ற்று, 5 வோல்ற்று, 3.3 வோல்ற்று என மூன்று முக்கிய அளவுகளில் மின்னை வெளிவிடும். இவற்றுக்கு முன்பே இன்னுமொரு சிறிய 5 வோல்ற்று வழி விழித்திருக்கும். இதனைக் காத்திருப்பு மின் எனலாம். பிளக் செருகப்பட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் உறங்கும்போது வாசற்கதவைத் தட்டும் சத்தத்துக்காக விழித்திருக்கின்ற ஒருவரைப் போல.

நாம் முன்பக்கப் பொத்தானை அழுத்தும்போது 230 வோல்ற்றையா இணைக்கிறோம்? இல்லை. அந்தப் பொத்தான் தாய்ப்பலகைக்கு ஒரு சிறிய சைகையை மட்டுமே கொடுக்கிறது. தாய்ப்பலகை காத்திருப்பு மின்னின் உதவியோடு அதைக் கேட்டு, பவர் சப்ளையிலிருந்து வரும் பச்சை வயரின் அழுத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்குகிறது. "எழும்பு" என்பதற்கான கட்டளை அதுதான். அதன்பிறகே 12, 5, 3.3 வோல்ற்று வழிகள் திறக்கும். அவை உறுதியான அளவுக்கு வந்ததும் பவர் சப்ளை சாம்பல் நிற வயரினூடாக "எல்லாம் சரி" என்ற சைகையைத் திருப்பி அனுப்பும். இந்தச் சைகை வரும்வரை செயலி தன் வேலையைத் தொடங்குவதில்லை. இவ்வளவும் ஒரு செக்கன் அளவுக்குள் நடந்து முடிகின்றது.

ஆகவே "எழும்பவில்லை" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் குறைந்தது ஆறு இடங்கள் உள்ளன: சுவர், யு.பி.எஸ்., வயர், பவர் சப்ளை, பொத்தானும் தாய்ப்பலகையும், தாய்ப்பலகையோடு இணைந்த உறுப்புகள். எது என்று கண்டுபிடிப்பதே எங்கள் வேலை.

தொடக் கூடாதது

பௌதிகவியல் படிக்கும் தோழிகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். 230 வோல்ற்று என்பது ஆடலோட்டத்தின் பயன்படு பெறுமானம். அதனை இரண்டின் வர்க்கமூலமான 1.414 ஆல் பெருக்கினால் உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 325 வோல்ற்று வரும். பவர் சப்ளைக்குள் இருக்கின்ற பெரிய கொள்ளளவி இந்த அளவுக்கு மின்னேற்றப்படுகிறது. புதிய வகைகளில் 400 வோல்ற்றை அண்மித்தும் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அந்த மின்னேற்றம் சிறிது நேரம் தங்கி நிற்கக்கூடும். எனவே பவர் சப்ளையின் பெட்டியை நாங்கள் ஒருபோதும் திறக்கக் கூடாது. உருகி பார்ப்பதற்காகக் கூட வேண்டாம். அது பழுதென்றால் முழு அலகையும் மாற்றுவதே முறை.

சேவையகத்தின் பக்கத் தகட்டைக் கழற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஈரக்கையோடு தொடக் கூடாது. உள்ளே கை வைப்பதற்கு முன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். எங்கள் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின் ஒரு ரேம் துண்டைக் கொல்லப் போதுமானது. அபாயாவின் கைகளையும் பர்தாவின் நுனியையும் ஊசி குத்தி ஒதுக்கிக் கொள்வதும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியையோ பொறுப்பான பெரியவரோ பக்கத்தில் இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது.

வெளியிலிருந்து உள்ளே

கண்டுபிடிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இலகுவானதிலிருந்து கடினமானதற்கு, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு, வெளியிலிருந்து உள்ளே.

முதலாவது, சுவர். அதே குதையில் ஒரு மேசை விளக்கையோ தொலைபேசிச் சாஜரையோ செருகிப் பாருங்கள். எரியாவிட்டால் மின்பலகைக்குச் செல்லுங்கள். இடிமழைக்குப் பின் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருப்பது எங்கள் ஊர்களில் சாதாரணம். விளக்கு எரிந்தால் சுவரில் குற்றமில்லை.

இரண்டாவது, யு.பி.எஸ். பலர் யு.பி.எஸ். இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கின்றனர். ஆனால் அதுவே நோயாளியாகவும் இருக்கக்கூடும். சிறிய யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் ஈய அமில மின்கலங்களே உள்ளன. அவற்றின் ஆயுள் பொதுவாக மூன்று தொடக்கம் ஐந்து வருடங்கள். வெப்பமான அறையில் அதைவிடக் குறையும். மின்கலம் இறந்தபின் சில யு.பி.எஸ்.கள் சுவரில் மின்சாரம் இருந்தாலும் எழும்ப மறுக்கும். ஆகவே அதனை ஒதுக்கி வைத்துவிட்டு, சோதனைக்காக மட்டும், சேவையகத்தை நேரடியாகச் சுவரில் இணைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வயர். சேவையகத்தின் பின்னால் செருகப்படும் வயரும் கணினித் திரைக்கு வரும் வயரும் பெரும்பாலும் ஒரே வகைதான். வேலை செய்கின்ற திரையின் வயரைக் கழற்றி இதில் மாட்டினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். பவர் சப்ளையின் பின்புறம் ஒரு சிறிய சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். கூட்டும்போது தும்புத்தடி பட்டு அது அணைந்திருக்கவும் கூடும்.

இம்மூன்றையும் பார்க்காமல் பெட்டியைத் திறப்பது, நாடி பிடிக்காமல் சத்திரசிகிச்சை செய்வதற்கு ஒப்பாகும்.

விளக்குகள் சொல்லும் செய்தி

நான்காவதாக, காத்திருப்பு மின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல தாய்ப்பலகைகளில் இதற்கென்றே ஒரு சிறிய எல்.ஈ.டி. விளக்கு உண்டு. அது இல்லாவிட்டால் வலையமைப்பு வயர் செருகும் இடத்திலுள்ள விளக்கைப் பாருங்கள். பொத்தான் அழுத்தாமலே அது எரிந்தால், சுவரிலிருந்து தாய்ப்பலகை வரை ஏதோ ஒரு மின் வந்து சேர்கிறது என்பது உறுதி. எந்த விளக்கும் எரியவில்லை என்றால் சந்தேகம் பவர் சப்ளையின் மேல் விழும்.

பெரிய நிறுவனங்களின் சேவையகங்களில் இன்னும் தெளிவான விளக்குகள் உள்ளன. எச்.பி. புரோலையன்ட் வகையில் பொத்தானின் விளக்கு செம்மஞ்சள் என்றால் காத்திருக்கிறது, பச்சை என்றால் ஓடுகிறது என்று பொருள். இத்தகைய சேவையகங்களில் பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளைகள் இருக்கும். ஒன்று பழுதடைந்தால் மற்றது சுமையைத் தாங்கும். அவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாட்டிப் பார்த்து எது குற்றவாளி என்று அறியலாம்.

அவற்றில் இன்னொரு விசேடமும் உண்டு. பிரதான செயலி உறங்கும்போதும் விழித்திருக்கின்ற ஒரு குட்டிக் கணினி தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். முகாமைக் கட்டுப்படுத்தி என்று அதைச் சொல்லலாம். டெல் நிறுவனம் தன்னுடையதை ஐடிராக் என்றும் எச்.பி. தன்னுடையதை ஐலோ என்றும் அழைக்கின்றன. 1998 இல் இன்டெல், டெல், எச்.பி., என்.ஈ.சி. ஆகிய நிறுவனங்கள் இணைந்து இக்குட்டிக் கணினிகளோடு பேசுவதற்கான ஒரு பொது நியமத்தை வெளியிட்டன. வெப்பநிலை, வோல்ற்றளவு, விசிறி வேகம் ஆகியவற்றை அது பதிவு செய்து வைக்கும். சேவையகம் எழும்பாவிட்டாலும் அந்தப் பதிவேட்டை வேறு கணினியிலிருந்து வாசிக்கலாம். ஆனால் பிளக் செருகியவுடன் இக்குட்டிக் கணினி விழித்தெழச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டு "எழும்புதில்லையே" என்று பதறக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும்.

ஐந்தாவதாக, செலவே இல்லாத ஒரு வைத்தியம். எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு முன்பக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே எஞ்சியிருக்கும் மின்னேற்றம் வடிந்துவிடும். பவர் சப்ளை ஏதாவது அபாயத்தைக் கண்டு தன்னைத் தானே பூட்டிக் கொண்டிருந்தால் அந்தப் பூட்டு திறபடும். மின்தடைக்குப் பின் எழும்ப மறுக்கும் பல கணினிகள் இந்த ஒரு வேலையோடு எழும்பி விடுவதுண்டு.

பாதியாக வெட்டித் தேடுதல்

இவ்வளவுக்கும் எழும்பாவிட்டால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே பல உறுப்புகள் உள்ளன. இரண்டு மூன்று வன்தட்டுகள், இறுவட்டுச் செலுத்தி, ரேம் துண்டுகள், விரிவாக்க அட்டைகள், முன்பக்க யு.எஸ்.பி. வயர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் நாள் போய்விடும்.

கணினியியலில் துவிதத் தேடல் என்ற ஒரு முறை உண்டு. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைத் தேடும்போது நடுவில் பார்த்து, எந்தப் பாதியில் இருக்கும் என்று தீர்மானித்து, மற்றப் பாதியைக் கைவிடுவது. எட்டுப் பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். அதே வழி இங்கே ஸ்க்ரூ டிரைவரோடு பயன்படுகிறது. அவசியமில்லாத எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, செயலி, ஒரு ரேம் துண்டு, பவர் சப்ளை ஆகியவற்றோடு மட்டும் எழுப்பிப் பாருங்கள். எழும்பினால் குற்றம் கழற்றிய பக்கத்தில் இருக்கிறது. எழும்பாவிட்டால் எஞ்சிய பக்கத்தில் இருக்கிறது.

எஞ்சிய பக்கத்தில் என்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்கலாம். அதன் 24 முள் இணைப்பியைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து விட்டு, அதன்பின் பிளக்கைச் செருகினால், நலமான பவர் சப்ளை விசிறியைச் சுழற்றும். பல்மானியால் அளக்கும்போது 12 வோல்ற்று வழி 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் இருக்க வேண்டும். 5 வோல்ற்று வழி 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையில் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து வீதம் கூடவோ குறையவோ அனுமதி உண்டு. இது ஏ.டி.எக்ஸ். வகைக்கு மட்டுமே பொருந்தும். பெரிய சேவையகங்களின் பவர் சப்ளைகளுக்கு வேறு விதமான இணைப்பிகள் உள்ளன; அவற்றில் கம்பி வைக்கக் கூடாது. அத்தோடு சுமையில்லாமல் சுழலும் பவர் சப்ளை சுமை ஏறும்போது விழுந்து விடவும் கூடும். இச்சோதனையில் தோற்றால் அது பழுது என்பது உறுதி. வென்றால் நலம் என்பதற்கு அது பாதிச் சாட்சிதான்.

எங்கள் கணினி அறையில்

சென்ற வருடம் ஒக்டோபர் மாத இடிமழைக் காலத்தில் ஒரு திங்கட்கிழமை எங்கள் கணினி அறையின் சேவையகம் எழும்பவில்லை. அது பெரிய நிறுவனங்களில் காணப்படுவது போன்றதல்ல. பழைய மாணவிகள் சங்கத்தினர் வாங்கித் தந்த, கோபுர வடிவிலான சிறியது. ஒரே பவர் சப்ளை, இரண்டு வன்தட்டுகள். அதற்குள்தான் உயர்தர மாணவிகளின் செயற்றிட்டக் கோப்புகள், நூலகத்தின் புத்தகப் பட்டியல், கடந்தகால வினாத்தாள்கள், இந்த இதழுக்காகத் தட்டச்சுச் செய்து முடித்த ஆக்கங்கள் எல்லாமே இருந்தன. செயற்றிட்டம் ஒப்படைக்க மூன்று கிழமைகளே மீதமிருந்தன.

மிஸ் தொலைபேசியில் கேட்டபோது, திருத்துபவர் ஒருவர் "மதர்போட் போயிருக்கும் மிஸ், புதுசு போட வேணும், ஒரு இலட்சத்துக்கு மேல வரும்" என்றார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் அவ்வளவு பணம் கேட்டால் அந்த வருடம் நூலகத்துக்குப் புத்தகம் வாங்க முடியாது. "போட் போயிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்க்கவேயில்லையே" என்றார் மிஸ். "நாங்கள் பார்த்துவிட்டுக் கதைப்போம்." நானும் வகுப்புத் தோழிகள் இருவரும் இடைவேளையில் மிஸ்ஸோடு கணினி அறையில் நின்றோம். ஒருத்தி குறிப்பெடுத்தாள்.

சுவர் நலம். வயர் நலம். யு.பி.எஸ்.ஸை ஒதுக்கி நேரடியாக இணைத்தும் மாற்றமில்லை. ஆனால் ஒரு விடயத்தை நாங்கள் கவனித்தோம். பிளக்கைச் செருகி முதல் தடவை பொத்தானை அழுத்தியபோது விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. இரண்டாவது தடவை அழுத்தியபோது எந்த அசைவும் இல்லை. பிளக்கைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு மீண்டும் செருகினால் மறுபடியும் அதே அரைச் சுற்று.

இதற்கு என்ன பொருள்? காத்திருப்பு மின் இருக்கிறது. பொத்தானின் கட்டளை தாய்ப்பலகைக்குப் போகிறது. தாய்ப்பலகை "எழும்பு" என்று சொல்கிறது. பவர் சப்ளை எழும்பவும் செய்கிறது. எழும்பிய கணத்தில் எங்கேயோ ஒரு குறுஞ்சுற்று இருப்பதை உணர்ந்து, தன்னைப் பூட்டிக் கொள்கிறது. அதனால்தான் பிளக்கைக் கழற்றும்வரை இரண்டாவது அழுத்தத்துக்குப் பதில் இல்லை. ஆக, அந்த அரைச் சுற்று எங்களுக்கு ஒரு நற்செய்தி. பவர் சப்ளை சாகவில்லை. அது தன் கடமையைத்தான் செய்கிறது.

பிளக்கைக் கழற்றி, மின்னேற்றத்தை வடிய விட்டு, இரண்டு வன்தட்டுகளினதும் இறுவட்டுச் செலுத்தியினதும் மின் இணைப்புகளைக் கழற்றினோம். மீண்டும் பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தியபோது விசிறி நிற்காமல் சுழன்றது. திரையில் எழுத்து வந்தது. தாய்ப்பலகை நலம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றி ஒவ்வோர் உறுப்பாகத் திரும்ப இணைத்தோம். இறுவட்டுச் செலுத்தியோடு எழும்பியது. முதலாவது வன்தட்டோடு எழும்பியது. இரண்டாவது வன்தட்டை இணைத்தவுடன் மறுபடியும் அதே அரைச் சுற்று. குற்றவாளி அகப்பட்டது.

மிஸ் அந்த வன்தட்டின் 12 வோல்ற்று முள்ளுக்கும் புவி முள்ளுக்கும் இடையிலான தடையைப் பல்மானியால் அளந்து காட்டினார். ஏறத்தாழப் பூச்சியம். நல்ல வன்தட்டில் அப்படியில்லை. பல வன்தட்டுகளின் மின்சுற்றுப் பலகையில் மிகை வோல்ற்றளவைத் தாங்கிக் கொள்வதற்கென்றே ஒரு சிறிய இருவாயி வைக்கப்பட்டிருக்கும். வரம்பை மீறிய அழுத்தம் வரும்போது அது தன்னைக் குறுஞ்சுற்றாக்கிக் கொண்டு, பின்னாலிருக்கும் நுண்ணிய சுற்றுகளைக் காப்பாற்றும். சில வேளை அந்த முயற்சியில் நிரந்தரமாகவே குறுஞ்சுற்றாகிவிடும். அரிசிமணி அளவிலான ஒரு பொருள் முழுச் சேவையகத்தையும் நிறுத்தி வைப்பது இப்படித்தான்.

அப்படியானால் கோப்புகள்? இரண்டு வன்தட்டுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் மற்றதிலும் எழுதப்படும். ரெயிட் என்று அழைக்கப்படும் இம்முறையை 1988 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகிய மூவர் தம் ஆய்வுக் கட்டுரையில் வகைப்படுத்தி விளக்கினர். முதலாவது வன்தட்டோடு மட்டும் சேவையகத்தை எழுப்பியபோது எல்லாக் கோப்புகளும் அப்படியே இருந்தன. அல்ஹம்துலில்லாஹ். ஒரு புதிய வன்தட்டு வாங்கிப் பொருத்தியதோடு செலவு முடிந்தது. தாய்ப்பலகைக்காகக் கேட்ட தொகையில் அது சிறு பங்கு. நூலகத்தின் பணம் நூலகத்துக்கே போனது.

போகும் மின்சாரமும் வரும் மின்சாரமும்

கரண்ட் போவதால்தான் கணினி பழுதாகிறது என்று பலர் எண்ணுகின்றனர். போவதைவிடத் திரும்பி வருவது கூடுதலான ஆபத்து. மின்சாரம் திரும்பும்போது ஊரிலுள்ள குளிர்சாதனப் பெட்டிகளும் மோட்டார்களும் ஒரே கணத்தில் ஓடத் தொடங்குகின்றன. வோல்ற்றளவு ஏறி இறங்குகின்றது. சில வேளை வந்த மின்சாரம் ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் போய், மீண்டும் வருகிறது.

இது ஏழை நாடுகளின் பிரச்சினை மட்டுமல்ல. 2017 மே மாதம் 27 ஆந் திகதி பிரித்தானிய விமான சேவை நிறுவனமான பிரிட்டிஷ் எயார்வேஸின் தரவு நிலையம் ஒன்றில் மின்வழங்கல் துண்டிக்கப்பட்டது. அது கட்டுப்பாடின்றி மீள இணைக்கப்பட்டபோதே சேவையகங்களுக்குப் பெருஞ்சேதம் ஏற்பட்டதாக அந்நிறுவனத் தரப்பு கூறியது. ஏறத்தாழ 75 ஆயிரம் பயணிகள் அந்த வார இறுதியில் சிக்கித் தவித்தனர்.

எங்கள் நாட்டில் 2020 ஓகஸ்ட் 17 ஆந் திகதி கெரவலப்பிட்டிய உப மின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எங்களில் யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் மீண்டும் நாடு தழுவிய மின்தடை ஏற்பட்டது. இப்படியான நாட்டில் சேவையகம் வைத்திருப்பவர்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் போய், யு.பி.எஸ். ஓசையெழுப்பத் தொடங்கினால் உடனே சேவையகத்தை முறைப்படி அணைத்து விட வேண்டும். பிறகு சுவரிலுள்ள சுவிட்சையும் அணைக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் ஐந்து பத்து நிமிடம் பொறுத்தே மீண்டும் போட வேண்டும். மாரிக்கு முன்பும் பின்பும் வருகின்ற இடிமழைக் காலங்களில், வார இறுதி விடுமுறைக்குச் செல்லுமுன் பிளக்கையும் வலையமைப்பு வயரையும் கழற்றி வைப்பது நல்லது. யு.பி.எஸ்.ஸின் மின்கலம் மாற்றிய திகதியை அதன் மேலேயே எழுதி ஒட்டி வைக்க வேண்டும். தூசியையும் எறும்பையும் பல்லியையும் பவர் சப்ளையின் பக்கம் அண்ட விடக் கூடாது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இணைப்பிகளின் உலோகத்தை அரிப்பதால், தவணைக்கு ஒரு தடவையாவது அவற்றைப் பார்த்துத் துடைக்க வேண்டும்.

கண்ணாடிப் பிம்பம் இருக்கிறதே என்று இருந்துவிடவும் கூடாது. ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் பிம்பத்திலும் அது அழிந்துவிடும். இரண்டு வன்தட்டுகளும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஒரே இடி இரண்டையும் கொல்லலாம். கிழமைக்கு ஒரு தடவை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதியெடுத்து, வேறோர் அறை அலுமாரியில் வைப்பதுதான் உண்மையான காப்பு.

திருத்துபவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

எல்லாப் பழுதையும் நாங்களே திருத்த முடியாது. திருத்தவும் கூடாது. எரிந்த வாடை வந்தால், கொள்ளளவி வீங்கியிருந்தால், பொத்தானை அழுத்தும்போது ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், உடனே பிளக்கைக் கழற்றிவிட்டுத் தெரிந்தவரை அழைக்க வேண்டும். ஆனால் அழைக்கும்போது "வேலை செய்யுதில்லை" என்று சொல்லக் கூடாது. நான்கு விடயங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒன்று, கடைசியாக எப்போது வேலை செய்தது. அதற்கும் இன்றைக்கும் இடையில் மின்தடையோ இடியோ இருந்ததா. இரண்டு, சுவர், யு.பி.எஸ்., வயர் ஆகியவற்றை மாற்றிப் பார்த்ததா, விளைவு என்ன. மூன்று, பொத்தானை அழுத்துமுன் எந்த விளக்கு எரிகிறது. அழுத்தியபின் எது எரிகிறது. விசிறி அசைகிறதா, எத்தனை கணம். நான்கு, எதைக் கழற்றியபோது மாற்றம் ஏற்பட்டது.

இப்படிக் கேட்பவளிடம் ஒருவர் பார்க்காமலே "போட் போயிருக்கும்" என்று இலேசில் சொல்லிவிட முடியாது. நல்ல திருத்துபவர் அதனால் கோபிக்கவும் மாட்டார். அவருடைய பாதி வேலையை நாங்கள் செய்து கொடுத்திருக்கிறோம். எங்கள் வீடுகளில் மின்சாரம், இயந்திரம் என்றதும் "நானாவைக் கூப்பிடு", "வாப்பா வரட்டும்" என்பதே வழக்கம். கூப்பிடுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் வருவதற்குள் சுவரையும் வயரையும் விளக்கையும் பார்த்து, பார்த்ததைத் திகதியோடு எழுதி வைக்க எங்களால் முடியும். அதற்கு ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும்.